ஃபிரிகேட் எவ்வளவு தூரம் கட்டி முடிந்திருக்கிறது? செய்தியைப் படித்துக் கணக்குப் போடும் வழி

நம் மொரீஷியஸின் தேசிய தினமான மார்ச் 12 நெருங்கினால் போர்ட் லூயி துறைமுகத்தில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து நிற்பது நமக்குப் பழகிப்போன விஷயம். 2025-இல் வந்தது ஐ.என்.எஸ். இம்பால், அது டிஸ்ட்ராயர், அதாவது பெரிய போர்க்கப்பல்; ஃபிரிகேட் அதைவிடச் சற்றுச் சிறிய வகை. கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பேச்சு எப்படியும் "அந்தப் புது ஃபிரிகேட்டுகள் என்ன ஆச்சு?" என்பதில் வந்து நிற்கும். ஏழும் தண்ணீரில் இறங்கியாச்சு என்பார் ஒருவர். எங்கே, கடற்படைக்கு இன்னும் முழுசா வந்து சேரவில்லையே என்பார் அவர் மச்சான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த ஃபிரிகேட்டுகளான இந்தியாவின் நீலகிரி வகையின் ஏழு கப்பல்களும் 2023 செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் நீரில் இறங்கிவிட்டன, ஆனால் அவற்றில் முதல் கப்பலே கடற்படையில் சேர்ந்தது 2025 ஜனவரி 15-இல்தான்.

இந்த இடைவெளியைப் படிக்கத் தெரிந்தால் எந்த நாட்டு ஃபிரிகேட் செய்தி வந்தாலும் வேலை உண்மையில் எங்கே நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். நான் நீலகிரி வகையை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன், நமக்கு நெருக்கமானது அதுதான். நடுவில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் வரும்.

முதலில் ஒரு தாள்

தாளோ ஃபோனில் எக்செல்லோ, ஏதோ ஒன்று. இடது ஓரத்தில் கப்பல் பெயர்களை எழுதுங்கள்: நீலகிரி, உதயகிரி, தாரகிரி, மகேந்திரகிரி. இந்த நான்கும் மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் யார்டில் கட்டியவை. ஹிம்கிரி, துனகிரி, விந்தியகிரி மூன்றும் கொல்கத்தா கார்டன் ரீச் யார்டில், ஹூக்ளி ஆற்றங்கரையில். யார்டு வாரியாகப் பிரித்து எழுதுவது முக்கியம், ஏன் என்று பின்னால் தெரியும்.

பெயருக்குப் பக்கத்தில் யார்டு எண்ணையும் எழுதிவிடுங்கள். மும்பை நான்கும் 12651 முதல் 12654 வரை, கொல்கத்தா மூன்றும் 3022 முதல் 3024 வரை. கப்பல் கடற்படையில் சேரும்வரை அரசு அறிவிப்புகளில் "யார்டு 12652 (உதயகிரி)" என்றுதான் வரும், "ஐ.என்.எஸ்." என்ற முன்னொட்டு சேர்ப்பு விழாவுக்குப் பிறகுதான் ஒட்டும். பத்திரிகைக்காரர்கள் அவசரத்தில் முன்கூட்டியே ஐ.என்.எஸ். போட்டுவிடுவார்கள். எனவே அதை நம்பாமல் எண்ணைத் தேடுங்கள்.

எண் இல்லாமல் வெறும் பெயரைப் போட்டுத் தேடினால் இன்னொரு வம்பும் உண்டு. மகேந்திரகிரி தவிர மற்ற ஆறு பெயர்களும் பழைய கப்பல்களின் பெயர்கள். பழைய நீலகிரி 1972-இல் சேவைக்கு வந்து 1996-இல் ஓய்வு பெற்றது. பழைய விந்தியகிரி 2011 ஜனவரியில் மும்பை துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி, தீப்பிடித்து, மூழ்கிப்போனது. தேதி பார்க்காமல் அந்தச் செய்தியை யாராவது பகிர்ந்தால் "புதுக் கப்பல் கட்டும்போதே மூழ்கிடுச்சாம்" என்று பேச்சு கிளம்பும். படத்தைப் பார்த்தால் போதும், பழையதில் சுற்றிலும் கம்பியும் ஏணியும் ஆன்டெனாவுமாகக் கசகசவென்று இருக்கும், புதியதில் பக்கச் சுவர்கள் வழவழவென்று சாய்ந்து நிற்கும். எதிரி ரேடாரில் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மேலே கட்டங்கள்: தகடு வெட்டிய தேதி, கீல் (அடிக்கட்டை) வைத்த தேதி, நீரில் இறக்கிய தேதி, முதல் கடல் சோதனை, ஒப்படைப்பு, கடற்படையில் சேர்ப்பு.

முதல் இரண்டு கட்டங்களில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். தகடு வெட்டுவது தொழிற்சாலை வேலை தொடங்கியதற்கு அடையாளம், அவ்வளவுதான். கீல் விழாவும் இப்போது பெரும்பாலும் சம்பிரதாயம். அந்தக் காலத்தில் அடிக்கட்டையைப் போட்டு அதன்மேல் விலா விலாவாகக் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது கப்பலைத் துண்டு துண்டாகக் கூடாரத்துக்குள் செய்து, துண்டுக்குள்ளேயே குழாய், கேபிள் தட்டு, சில இயந்திரங்கள் எல்லாம் பொருத்தி, கிரேனில் தூக்கி வந்து ஒட்டுகிறார்கள். முதல் துண்டை மேடையில் வைக்கும் நாளையே கீல் வைத்த நாள் என்கிறார்கள்.

நீரில் இறக்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம்

படத்துக்கு மிக அழகான கட்டம் இதுதான். பூமாலை, பேண்டு, தேங்காய், மந்திரியின் மனைவியோ தளபதியின் மனைவியோ கப்பலுக்குப் பெயர் சூட்டுவது, எல்லாம் இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கப்பல் முடிந்துவிட்டது என்றே தோன்றும். நம் ஊரில் தளம் போட்டு, அடுத்த மாடிக்கான கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு, கரண்டும் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, நீரில் இறங்கும் ஃபிரிகேட் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது. உடம்பு மிதக்கிறது, உள்ளே பெரும்பகுதி வேலை பாக்கி.

எவ்வளவு பாக்கி என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. இறக்கும் நாள் அறிவிப்பில் பெரும்பாலும் கப்பலின் இறக்க எடையை, அதாவது தண்ணீரில் விடும்போது இருக்கும் எடையைப் போடுவார்கள், யாரும் அதைக் கவனிப்பதில்லை. நீலகிரி 2019 செப்டம்பர் 28-இல் இறங்கியபோது எடை சுமார் 2,700 டன். அதே யார்டின் மூன்றாவது கப்பலான தாரகிரி 2022 செப்டம்பர் 11-இல் சுமார் 3,500 டன்னோடு இறங்கியது. முழுச் சுமையோடு இந்த வகைக் கப்பல் சுமார் 6,670 டன். அதாவது மூன்று வருஷத்தில் அதே யார்டு, கரையில் இருக்கும்போதே ஏறக்குறைய 800 டன் கூடுதலாகப் பொருத்திவிட்டுத்தான் தண்ணீரில் விட்டிருக்கிறது. கரையில் ஒரு குழாயைப் பொருத்துவது சுலபம், மிதக்கும் கப்பலுக்குள் குறுகலான அறையில் குனிந்துகொண்டு அதே குழாயைப் பொருத்துவது பெரும்பாடு. ஆகவே இறக்க எடை கூடியிருந்தால் அந்தக் கப்பல் பின்னால் வேகமாக முடியும் என்று எதிர்பார்க்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. 2,700-ஐ 6,670-ஆல் வகுத்து "40 சதவீதம் முடிந்தது" என்று எழுதிவிடாதீர்கள். முழுச் சுமை என்பதில் எரிபொருள், குடிநீர், குண்டுகள், ஏவுகணைகள், சாப்பாட்டுச் சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்தி. எடையை ஒரே வகைக் கப்பல்களுக்குள், அதுவும் ஒரே யார்டுக்குள் ஒப்பிட்டால்தான் பிரயோஜனம்.

நாடு விட்டு நாடு ஒப்பிடும்போது இறக்கும் தேதி இன்னும் மோசமாக ஏமாற்றும். பிரிட்டனின் டைப் 26 வகையில் முதல் கப்பலான கிளாஸ்கோவுக்கு 2017 ஜூலையில் தகடு வெட்டினார்கள், அது தண்ணீரைத் தொட்டது 2022 டிசம்பரில். நீலகிரிக்கு 2017 டிசம்பர் 28-இல் கீல் வைத்து 21 மாதத்தில் இறக்கிவிட்டார்கள். பார்த்தீர்களா இந்தியா எவ்வளவு வேகம் என்று இதை வைத்து நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள், நீலகிரி அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கும் மேல் யார்டின் கையிலேயே இருந்ததைச் சொல்வதில்லை. எந்த நிலையில் கப்பலை இறக்குவது என்பது அந்தந்த யார்டின் வழக்கம், அங்கே இருக்கும் இட நெருக்கடி, கிரேன், அலை ஏற்றம் எல்லாவற்றையும் பொறுத்தது. சில யார்டுகளுக்கு அடுத்த கப்பலுக்கு மேடை காலியானால் போதும்.

கணக்கின் நடுமையம்: இறக்கியதிலிருந்து ஒப்படைத்தது வரை

நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டால்கூடப் போதும். இறக்கிய தேதிக்கும், யார்டு கப்பலைக் கடற்படையிடம் ஒப்படைத்த தேதிக்கும் நடுவே எத்தனை மாதம்?

நீலகிரி: 2019 செப்டம்பரிலிருந்து 2024 டிசம்பர் 20 வரை, கிட்டத்தட்ட 63 மாதம். உதயகிரி: 2022 மே 17-இலிருந்து 2025 ஜூலை 1 வரை, 37 மாதம். தாரகிரி: 2022 செப்டம்பரிலிருந்து 2025 நவம்பர் 28 வரை, 38 மாதம். மும்பையில் முதல் கப்பலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கிறது. மொத்தக் கட்டுமானக் காலமாகப் பார்த்தாலும் நீலகிரிக்கு 93 மாதம் பிடித்தது, தாரகிரிக்கு 81 மாதம்தான் என்று அறிவிப்பே சொல்கிறது.

இப்போது கொல்கத்தா. ஹிம்கிரி 2020 டிசம்பர் 14-இல் இறங்கி 2025 ஜூலை 31-இல் ஒப்படைக்கப்பட்டது, 55 மாதம். வகையில் இரண்டாவதாக இறங்கிய கப்பல் அதுதான், பிறகு ஏன் இவ்வளவு காலம்? அந்த யார்டுக்கு அதுதான் இந்த வகையில் முதல். முதல் கப்பலில்தான் வரைபடத்தில் எங்கே இடிக்கிறது, எந்தக் கேபிள் எந்த அறையைத் தாண்டிப் போக வேண்டும், எந்தக் கருவி நேரத்துக்கு வராது என்பதெல்லாம் ஆட்களுக்குத் தெரிய வரும். நடுவில் கோவிட் வேறு. யார்டு வாரியாகப் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஏழையும் ஒரே வரிசையில் வைத்துச் சராசரி எடுத்தால் இந்த விஷயம் கண்ணில் படாமல் போய்விடும்.

முதல் கப்பல் தாமதமானால் பதற வேண்டாம், அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இரண்டாவதும் மூன்றாவதும் அதே அளவு தாமதமானால் அப்போது கவலைப்படலாம்.

படத்தை உற்றுப் பார்ப்பது

அறிவிப்பு இல்லாத மாதங்களில் படங்கள்தான் கைகொடுக்கும். கப்பலின் நடுக் கோபுரத்தைப் பாருங்கள். நீலகிரி வகையில் அதன் நான்கு பக்கமும் சதுரத் தட்டுகளாக எம்.எஃப்.-ஸ்டார் ரேடார் வரும். தட்டுகள் இல்லாமல் வெறும் ஓட்டையோ மூடிய பலகையோ தெரிந்தால் போர்க் கருவிகள் பொருத்தும் வேலை இன்னும் நிறைய மிச்சம். முன்பக்கம் 76 மி.மீ. பீரங்கி உட்கார்ந்திருக்கிறதா? அதற்குப் பின்னால் தளத்தோடு தளமாக ஏவுகணை மூடிகள் வரிசையாகத் தெரிகின்றனவா, இல்லை தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்களா? புகைபோக்கி ஓரத்தில் கரி படிந்திருந்தால் எஞ்சின் ஓடியிருக்கிறது என்று அர்த்தம், எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் அது. யார்டுக்காரர்கள் விழாவுக்கு முன் பெயின்ட் அடித்து அதை மறைத்துவிடுவார்கள் என்பதால் சாதாரண நாளில் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு.

எஞ்சின் செய்திக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கப்பலின் சொந்த ஜெனரேட்டர்கள் ஓட வேண்டும், அதுவரை கரையிலிருந்து இழுத்த மின்சாரத்தில்தான் எல்லாம். பிறகு உந்து எஞ்சின்கள்: இந்த வகையில் இரண்டு டீசல், இரண்டு எல்.எம்.2500 காஸ் டர்பைன். நிதானமாகப் போகும்போது டீசல், பாய வேண்டும் என்றால் டர்பைன், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவதில்லை. "டர்பைன் முதல்முறை இயக்கப்பட்டது" என்ற செய்தி வந்தால் கடல் சோதனை பக்கத்தில் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடல் சோதனை ஒரே நாள் சமாச்சாரமில்லை. முதலில் யார்டுக்காரர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள்: முழு வேகம், பின்னோக்கி ஓட்டம், சுக்கானை முழுசாகத் திருப்பி வட்டமடிப்பது, நங்கூரம் போட்டு எடுப்பது, அதிர்வு, சத்தம். கோளாறு தெரிந்தால் திரும்பி வந்து சரி செய்துகொண்டு மறுபடி போவார்கள். அடுத்து கடற்படை ஆட்கள் ஏறி ஏற்புச் சோதனை நடத்துவார்கள். "கப்பல் சோதனைக்குப் போய்விட்டுத் திரும்பியது" என்ற செய்தியைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று ஊகிக்க வேண்டியதில்லை. போய்விட்டு வந்து ஆறு மாதம் அசையாமல் நின்றால் அப்போது ஊகிக்கலாம்.

சதவீதத்தை எப்படி எடுத்துக்கொள்வது

"70 சதவீதம் நிறைவு" போன்ற செய்தியைப் பார்த்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: எதில் 70? செலவான பணத்திலா, வெட்டிய எஃகிலா, முடித்த வரைபடங்களிலா? பணமும் எஃகும் சீக்கிரம் ஏறிவிடும், கடைசிப் பகுதியான கேபிள் இணைப்பும் சோதனையும்தான் ஆமை வேகம். ஒரு ஃபிரிகேட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கேபிள் ஓடுகிறது, ஒவ்வொரு முனையையும் யாரோ ஒருவர் கையால் இணைத்துச் சோதிக்க வேண்டும்.

இந்தச் சதவீத விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் ஃபிரிகேட் வகைதான் உதாரணம். 2020-இல் ஒப்பந்தம். இத்தாலியர்களின் ஃப்ரெம் கப்பல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதையே கொஞ்சம் மாற்றிக் கட்டினால் ஆபத்தில்லை என்பது திட்டம், 85 சதவீதம் அதேபோல் இருக்கும் என்றார்கள். மாற்றம்மேல் மாற்றம் செய்து கடைசியில் 15 சதவீதத்துக்கும் கீழே வந்து நின்றது. வரைபடம் முடியாமலேயே 2022 ஆகஸ்டில் கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024-இல் பார்த்தபோது, வடிவமைப்பு முன்னேற்றத்தை வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எத்தனை ஆவணம் அனுப்பினோம் என்று எண்ணித்தான் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கப்பலின் எடையும் எதிர்பாராமல் ஏறிப்போயிருந்தது, முதல் கப்பல் மூன்று வருஷம் தாமதம். 2025 நவம்பரில், கட்டிக்கொண்டிருக்கும் முதல் இரண்டோடு போதும் என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். சதவீதம் மட்டும் பார்த்தவர்களுக்கு நடுவில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எனவே தாளில் சதவீதத்துக்கு நான் கட்டமே போடவில்லை. நீங்களும் போட வேண்டாம்.

ஒப்படைப்பு வேறு, சேர்ப்பு வேறு

ஒப்படைப்பு என்பது கையெழுத்து: யார்டு கொடுத்தது, கடற்படை வாங்கிக்கொண்டது. சேர்ப்பு என்பது கடற்படைக் கொடி முதல்முறை ஏறும் விழா. இரண்டுக்கும் நடுவே சில வாரமோ சில மாதமோ ஆகலாம், அந்த இடைவெளி கட்டுமானத் தாமதம் ஆகாது. நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நம் தேசியக் கடலோரக் காவல் படையின் சி.ஜி.எஸ். பாரகுடாவை அதே கார்டன் ரீச் யார்டுதான் கட்டியது. 74 மீட்டர் நீளம், ஃபிரிகேட்டில் பாதி. 2014 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒப்படைத்தார்கள், சேர்ப்பு விழா 2015 மார்ச் 12-இல் இங்கே போர்ட் லூயியில், மோடி வந்து நடத்தி வைத்தார். தேசிய தினத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் காரணம், கப்பலில் குறை ஒன்றும் இல்லை. 2025 ஆகஸ்ட் 26-இல் உதயகிரியையும் ஹிம்கிரியையும் விசாகப்பட்டினத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள், ஒப்படைத்த தேதிகள் ஒரு மாதம் தள்ளி இருந்தும். விழாத் தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு யார்டும் ஒரே வேகம் என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

நம்மில் பலர் காலையில் படிப்பது பிரெஞ்சுப் பத்திரிகை என்பதால் பிரான்ஸ் முறையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் லோரியாங் யார்டில் கட்டும் புது எஃப்.டி.ஐ. ஃபிரிகேட் வகையின் முதல் கப்பல் அமிரால் ரோனார்க் 2022 நவம்பரில் நீரில் இறங்கி 2025 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒப்படைத்த பிறகும் தூர தேசங்களுக்கு நீண்ட பயணம் போய்ச் சோதித்துவிட்டுத்தான் முழுச் சேவைக்கு ஏற்பார்கள், எனவே இந்திய "சேர்ப்பு" கட்டத்தில் பிரெஞ்சு "ஒப்படைப்பு" தேதியைக் கொண்டுவந்து எழுதக் கூடாது. லோரியாங்கில் கிரீஸ் வாங்கிய கப்பல்களும் அதே வரிசையில் ஏறுகின்றன. யார்டு எத்தனை முடித்தது என்பதும் பிரான்ஸுக்கு எத்தனை கிடைத்தது என்பதும் தனித்தனிக் கணக்கு. பக்கத்து ரீயூனியனில் நிற்கும் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களான ஃப்ளோரேயால், நிவோஸ் இரண்டும் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த ஊர்க்காரர்கள் எஃப்.டி.ஐ. செய்தியைப் பார்த்து அவற்றுக்குப் பதில் இது வருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு வகை, வேறு வேலை.

மீதிக் கட்டங்களை நிரப்புவது

துனகிரி இறங்கியது 2022 ஜூலை 15, விந்தியகிரி 2023 ஆகஸ்ட் 17, மகேந்திரகிரி 2023 செப்டம்பர் 1. மகேந்திரகிரி மும்பைக் கப்பல், எனவே உதயகிரி, தாரகிரியின் 37-38 மாதத்தைக் கூட்டுங்கள்: 2026 அக்டோபர், நவம்பர். கொல்கத்தா இரண்டுக்கும் அந்த எண்ணைப் போடாதீர்கள். ஹிம்கிரியின் 55 மாதத்தை வெளி எல்லையாகவும் 37-ஐ உள் எல்லையாகவும் வைத்துக்கொண்டு, துனகிரியின் ஒப்படைப்புத் தேதியைப் பார்த்து, அதற்கு எத்தனை மாதம் பிடித்ததோ அதையே விந்தியகிரிக்குக் கூட்டுங்கள். ஒரே யார்டு, முதல் கப்பலின் பாடமும் கற்றாயிற்று, எனவே விந்தியகிரி அதைவிடக் கூடுதலாக இழுத்தால் யார்டுக்கு வெளியே ஏதோ காரணம் இருக்கிறது, பெரும்பாலும் வர வேண்டிய ஒரு கருவி வந்திருக்காது. இந்த எதிர்பார்ப்புத் தேதிகளை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், ஒப்படைப்பு அறிவிப்பில் யார்டு எண்ணைச் சரிபார்த்த பிறகு பேனாவில் மாற்றிக்கொள்ளலாம்.